உறைந்த பால்

ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் வேர்த்து வழிய நடந்து வரும் சூடாமணி டீச்சர், அன்று ஒரு தூக்கில் பாலும் கொண்டுவந்திருந்தாள். மலையாளம் பேசும் அந்த ஊரின் ஆரியசாலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் நாலாம் வகுப்புக்கு அவள் தற்காலிக ஆசிரியை. ஒரு பிள்ளை குறைந்தாலும் அடுத்த ஜூனில் அந்த வகுப்பு இல்லை; அவளுக்கும் வேலை இல்லை. குறையப்போகிற பிள்ளை ஸ்ரீப்ரியா. அவளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க டி.சி. கேட்டு, அம்மா உலகம்மை முந்தின நாள் வந்து போயிருந்தாள். "நாளைக்கு மத்தியானம் வந்து கிளாஸைப் பாருங்கோ, அப்புறம் சொல்லுங்கோ" என்று டீச்சர்தான் கெஞ்சியிருந்தாள்.

காலையிலேயே பிள்ளைகளிடம் சொன்னாள்: "இந்தப் பால் இன்னிக்கு உறையப் போறது. அப்புறம் உருகப் போறது. ஐஸ்கிரீம், கேட்டோ!"

காய்ச்சிய பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கணக்கு நடத்தினாள்.

மதியம் உலகம்மை வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். பேசினில் ஐஸும் கல்லுப்பும் தயார். டீச்சர் தூக்கைச் சாய்த்தாள். பால் வழியவில்லை, கட்டியாக நகர்ந்தது.

"ஒறைஞ்சிட்டு டீச்சர்!" ஸ்ரீப்ரியா துள்ளி எழுந்தாள். "நீங்க மறந்துட்டிய. இன்டர்வெல்லுல நான்தான் எனக்க சோத்துக்குக் கொண்டாந்த தயிர விட்டேன்."

"எடீ மண்டீ, ஐஸ்கிரீமுக்கு எவளாவது உறை ஊத்துவாளா?" என்றான் வினீத்.

"டீச்சர்தானல உறையும்னு சொன்னாங்க?"

உலகம்மை சிரிக்கவில்லை. "கேட்டியளா டீச்சர்? இதுக்குத்தான் சொல்லுதேன். இங்கிலீஷ்ல ஃப்ரீஸுன்னா ஃப்ரீஸு. அங்க ஒரு பிள்ளையும் தயிர் ஊத்தாது."

வேறு பால் இல்லாததால் டீச்சர் தயிரிலேயே சர்க்கரையைப் போட்டு, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி ஐஸுக்குள் வைத்தாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் துண்டில் சுற்றி மாறிமாறிக் குலுக்கினார்கள். தயிர் கல்லாக இறுகியது. அதில் கொஞ்சத்தை எடுத்து வெயிலில் வைத்தாள். உருகி ஓடியது.

"இப்போ பாலா, தயிரா?"

"தயிரு!"

"அவ்வளவுதான். ஐஸா உறைஞ்சது உருகினா, முன்னே இருந்ததே திரும்பி வரும். தயிரா உறைஞ்ச பால் திரும்பாது. சொல்லு ஒண்ணு, காரியம் ரெண்டு."

ஸ்ரீப்ரியா யோசித்தாள். "அப்ப நான் பண்ணினதுதான் திரும்பாததா?"

"ஆமாண்டி."

உலகம்மையும் ஒரு கரண்டி வாங்கித் தின்றாள். "நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் சொல்லியும் குடுக்கிய." விரலைச் சேலையில் துடைத்தாள். "கோவிச்சுக்கிடாதிய டீச்சர். இவ அப்பா அங்க அட்மிஷன் போட்டாச்சு."

டீச்சர் அவளை ஆபீஸுக்குக் கூட்டிப் போனாள். ஹெட்மாஸ்டர் பகவதிப்பெருமாள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "இனி எந்து செய்யும் டீச்சரே?"

"மலையாளம் மீடியத்துல எங்கேயாவது லீவ் வேகன்சி இருக்கான்னு நோக்கணும் சார்."

பிரிண்டர் முனகியது. டி.சி. வெளியே வரும்வரை அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.