அம்மை போட்ட வயல்

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே இரண்டு துண்டு வயல். எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக வந்த முதல் நிலம். அதுவரை அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். ஊரே எங்கள் பயிரைப் பார்த்தது. அப்பா பயிரைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தார்.

மேல் துண்டில் வேளாண்மை ஆபீசில் கொடுத்த புது நெல். கீழ்த் துண்டில் ஊரில் எல்லாரும் போடும் நெல். அதற்கு அப்பா யூரியாவை அள்ளி இறைத்திருந்தார். கரும்பச்சையாக நின்றது. மார்கழிப் பனியில் புது நெல்லின் இலையெல்லாம் ஊசி குத்தினாற்போலப் பழுப்புப் புள்ளி.

மாமா ரோட்டில் பைக்கை நிறுத்தினார்.

"என்ன மாப்ள, பயிருக்கு அம்மை போட்டிருக்கு? தலைக்கு எப்பத் தண்ணி ஊத்தப் போறீக?"

கேலிதான். அப்பாவுக்கு அது விளங்கினால்தானே. வரப்பில் வேப்பிலை கட்டினார். நான் குடத்தில் மஞ்சள் தண்ணீர் சுமந்தேன். அவர் தெளித்தார். புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அது பாட்டுக்குக் கெடக்கு. பெருசாவா ஆகுது? விடுங்க" என்றாள் அம்மா.

"கீழ வயலுக்கு ஒட்டிக்கிட்டா? நீயா சோறு போடுவ?"

"இம்புட்டு நாளும் யாரு போட்டா?"

மறுநாளே மேல் துண்டை அறுத்து மாட்டுக்குப் போட்டார். மாடு நன்றாகத் தின்றது.

கொஞ்ச நாளில் கீழ்த் துண்டில் இலையெல்லாம் கண் கண்ணாகச் சாம்பல் திட்டு விழுந்தது. கதிர் வந்ததும் அதன் கழுத்து கறுத்து ஒடிந்தது. உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர்.

ஆபீசர் வந்து பார்த்துவிட்டுக் குலைநோய் என்றார்.

"நாங்க குடுத்த நெல்லு எங்கேம்மா? அது இதுக்குத் தாங்குமே. பூஞ்சணம் எறங்குன எடத்த இலையே கருக்கிக்கும். பூஞ்சணத்துக்குத் திங்க ஒண்ணும் கிடைக்காது. சின்னப் புள்ளியோட செத்துரும்."

அப்பா வேப்பிலையை அவிழ்க்கப் போய்விட்டார். அம்மா தொழுவத்தைக் கைகாட்டினாள். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஊரில் தை அறுப்புக்குக் கூலிக்கு ஆள் கூப்பிட்டார்கள். அம்மா அரிவாளை இடுப்பில் செருகிக் கிளம்பினாள்.

"நமக்குத்தான் வயல் இருக்கே. எதுக்கும்மா போற?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். என் காதில் அந்தக் கேள்வி அன்றைக்கு நல்ல கேள்வியாகத்தான் பட்டது.