லண்டன் பல்லி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டரி மாற்றப் போனேன். சட்டைப் பையில் அடங்குகிற சாமான்... அதற்காக ஒரு குடும்பமே இரண்டுபட்டு நின்றது.

நண்பன் சிவநேசன் லண்டனின் தெற்கு எல்லையில் ஒரு மொபைல் ஹோமில் இருக்கிறான். ஊருக்கு எழுதும்போது 'தனி வீடு' என்று எழுதுவான். பொய்யில்லை, தனியாகத்தான் நிற்கிறது — வண்டிச் சில்லுகளின் மேல்! மெல்லிய சுவர், கைக்கெட்டும் கூரை. தீப்பிடித்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் போன வருடம் நானே ஒரு ஸ்மோக் அலாரம் பூட்டிக் கொடுத்தேன். கிழமைக்கொரு தடவை பட்டனை அமத்திப் பாருங்கள் என்றும் சொன்னேன். யார் அமத்தினார்கள்?

அண்மையில் அதன் பட்டரி இறங்கத் தொடங்கியது. இறங்கினால் இந்த அலாரம் நிமிடத்துக்கொரு தடவை 'கிச்' என்னும். பட்டரியை மாற்று என்று அர்த்தம். சிவநேசன் மாற்றத்தான் எழுந்தானாம். அந்த நேரம் பார்த்து மனைவி பரமேஸ், "தம்பியின்ர கேஸ் வெல்லும்" என்றிருக்கிறாள். உடனே மேலே 'கிச்'!

"பாத்தியளே, பல்லி சொல்லுது!"

லண்டனில் ஏது பல்லி? இந்தக் குளிருக்கு ஒரு பல்லி வந்து சேர்ந்தால் அதுவும் அகதிக் கேஸ்தான் போட வேண்டும். பரமேஸ் ஒன்றும் தெரியாதவள் அல்ல. ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவள். "பட்டரிதான், எனக்கும் தெரியும். ஏதோ ஒண்டு நல்லது சொல்லுதெல்லே, விடுங்கோவன்" என்று மேசையில் விரலால் தட்டிக்கொண்டாள். கேஸ் முடியும்வரை அலாரத்தில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

அவள் தம்பி ரவியும் அவர்களோடுதான் இருக்கிறான். அகதிக் கேஸ் விசாரணை முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறான். பதில் 'இல்லை' என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பரமேஸைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் 'கிச்' நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. சிவநேசனுக்குப் பயம். "மச்சான், ஒருக்கா வா. எனக்கு அவளிட்டைச் சொல்ல ஏலாது" என்று போன் பண்ணினான்.

புதுப் பட்டரியை எடுத்ததுமே பரமேஸ் மறித்தாள். "அண்ணை, புதுசு போட்டா அது வாயே திறக்காது."

"தங்கச்சி, இது செத்தா நெருப்புப் பிடிச்சாலும் கத்தாது."

"நெருப்பு எப்பவோ. கேஸ் இப்ப!"

மூலையில் இருந்த ரவி தலையை நிமிர்த்தினான். "ஊரில எங்கட வீடு எரியேக்கை ஒண்டும் கத்தேல்லை, அக்கா. மாத்தட்டும்."

மேலே 'கிச்'.

பல்லியே சொன்ன பிறகு பரமேஸ் என்ன செய்வாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள். நான் பட்டரியை மாற்றி, பட்டனை அமத்தினேன். அலறிய அலறலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி டிரெஸிங் கவுனோடு வெளியே ஓடி வந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று கைகாட்டினோம். பிறகு வீடு அமைதியானது. சரியான அமைதி...

புறப்படும்போது ரவியின் தோளைத் தட்டினேன். "பயப்படாதை தம்பி. எல்லாம் நல்லபடியா முடியும்."

சொன்னவுடன் நாலு பேரும் கூரையைப் பார்த்தோம் — முதலில் பார்த்தது நான்.