இரைச்சல் இல்லாத பெட்டி

கண்டால்தான் நம்புவேன் என்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டேன். 1954 ஆகஸ்டில், பாறசாலையில், என் சொந்த வீட்டுக்குள் கேட்டேன். என் மனைவி தங்கபாயும் கேட்டாள். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

நானும் தம்பி யோசுவாவும் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தோம். எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. ஒரு கூட்டத்துக்கு யோசுவா மட்டும் செட்டோடு போனான். அங்கே தடியடி. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் நொறுங்கிக் கிடந்தது. தம்பி இல்லை.

ஒரு வாரம் அவனைத் தேடி அலைந்தேன். அம்பூரி மலைப்பக்கம் சிலர் ஒளிந்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கே ஹாரன் ஸ்பீக்கரைக் கட்டி அவன் பெயரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். துளி இரைச்சல் இருக்கக் கூடாது. கூப்பிட்டு நிறுத்தினால் அவன் பதில் என் காதில் விழ வேண்டுமே.

நெய்யாற்றின்கரையில் பழைய ரேடியோ விற்கும் கருணாகரன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

“ஆயுசுக்கும் இருக்கும் ஆக்கும். இனி வேற வாங்காண்டாம்.”

அன்று மாலையே வீட்டில் வைத்து ஹாரனையும் பேட்டரியையும் மாட்டினேன். வெளியே மழை. பெட்டிக்குள் வால்வு பல்புகள் மெல்லச் சிவந்தன. மைக்கை இணைக்காமலே சத்தத்தை முழுக்கத் திருகினேன். மட்டமான பெட்டியென்றால் இந்நேரம் வண்டு மாதிரி இரையும். இது மூச்சுக் காட்டவில்லை. அந்த ஒரு வாரத்தில் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

மணி எட்டு.

ஹாரனில்... டக்... டக்...

யாரோ மைக்கைத் தட்டினார்கள். எங்கள் மைக் அலமாரியில் இருந்தது.

“அண்ணா... கேக்குதா?”

யோசுவாவின் குரல். செட் கட்டி முடித்ததும் அவன் எப்போதும் கேட்கிற கேள்வி.

“கேக்குது மக்கா. எங்க நிக்கிய?”

வாசல் கதவில் ஏதோ உரசியது. சர்ர்... சர்ர்...

நான் எழுந்தேன். ஹாரன் மறுபடி பேசியது.

“கதவத் தொறக்காத அண்ணா. வெளியே நிக்கியது நானில்ல.”

தங்கபாய் கதவைப் பார்த்து ஓடினாள். “அவன்தான் வந்திருக்கான். தொறங்க.”

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். “எலே, யாரு? யோசுவான்னா பேசு.”

வெளியிலிருந்து முனகல் மட்டும்...

“தொறக்காத அண்ணா.”

தம்பி செத்துவிட்டான். செத்தும் எங்களைக் காக்கிறான். அப்படித்தான் நினைத்தேன். அழுதுகொண்டே அவளை விடாமல் பிடித்திருந்தேன்.

சர்ர்...

விடியும் நேரத்தில் உரசல் நின்றது. ஹாரனும் அடங்கியது.

கதவைத் திறந்தேன்.

யோசுவா என் காலில் சரிந்தான். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ராத்திரியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார்.

“அவன் ராத்திரி எங்கிட்டப் பேசினான், சாரே.”

டாக்டர் துணியை இழுத்து மூடினார்.

“தடியடியிலேயே தாடை ரெண்டாப் போச்சு. நாக்கும் இல்ல. ஒரு வாரமா இவன் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.”