பெனின் முங்கிய செய்தி

கடியப்பட்டணத்தில் பெனினை அறியாதவர் கிடையாது. சிப்பி எடுக்கக் கடல் பாறைக்குப் போனால், மற்றவர்கள் மூன்று முறை முங்கி எடுப்பதை ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு வருவான். அந்த மூச்சுதான் அவனை ஆப்பிரிக்கா வரை இழுத்துக்கொண்டு போனது.

அங்கே ஒரு காட்டாறு. கிழங்கு தோண்டிய யாரோ ஒருவர் கையில் பொன்கட்டி சிக்கியதாம். அவ்வளவுதான், ஆறே மாதத்தில் ஆளில்லாத கரையில் பத்தாயிரம் பேர். தார்ப்பாய்க் கூடாரம், சாராயக்கடை, ஜெபக்கூடம், அடிதடி எல்லாம் வந்தாயிற்று. போலீஸ் மட்டும் வரவில்லை. முதலில் வந்தவர்கள் கரையைத் தோண்டித் தீர்த்தார்கள். பிந்தி வந்தவர்களுக்கு ஆற்றின் அடிதான் மிச்சம். காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கி, மணல் உறிஞ்சும் குழாயைப் பிடித்து நிற்க ஆள் வேண்டும். ஆள் பிடிக்க வந்த ஏஜெண்ட் கேட்டதும் பெனின் சரி என்றுவிட்டான். இந்தக் கரையிலிருந்து அந்த ஆற்றுக்குப் போன முதல் ஆள் அவன்தான்.

அவன் மனைவி டெல்சிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "கடல்ல முங்குனா கரை தெரியும். அந்தக் கலக்கத் தண்ணியில என்ன தெரியும்?" என்றாள்.

"பொன்னு தெரியும்" என்று சிரித்தான். கொஞ்சமாவது பயம் வேண்டாமா மனுஷனுக்கு?

போன பிறகு தெரிந்தது வேறு. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டான். எட்டாம் மாதம் கரை இடிந்து, பக்கத்தில் இறங்கியிருந்த ஒருவன் மணலுக்கடியில் போய்விட்டான். பெனினே அதைப் போனில் சொன்னான். அன்றிலிருந்து டெல்சிக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவன் ராஜகுமார், இரணியல்காரன், அதே முகாமில் ஜேசிபி ஓட்டுகிறவன். டெல்சியின் கையெல்லாம் செதிள் என்பதால் பெனினின் தங்கை ஸ்மைலின்தான் அதைப் போட்டாள். யாருக்கோ பயந்து பேசும் குரல்: "அக்கா, பெனின் நேத்து முங்கியாச்சு. இனி தேடிப் பிரயோசனம் இல்ல..."

அவ்வளவுதான் கேட்டது. ஸ்மைலின் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. திருப்பி அழைத்தால் ராஜகுமாரின் போனும் பெனினின் போனும் அணைந்து கிடந்தன. மைனி டெல்சி அதையே திரும்பத் திரும்பக் கேட்டு மனசு உடைந்துவிடக் கூடாதென்று, ஸ்மைலின் போனைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். நல்ல மனசுதான், புத்திதான் மட்டு.

டெல்சி அழவில்லை. கோயிலில் சாவு மணி அடிக்கச் சொல்லக் கிளம்பியவர்களை வாசலில் மறித்தாள். "மணியில ஒரு ஆளு கை வைக்கப்பிடாது. அவன் தண்ணியில சாவ மாட்டான்." துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார்கள். அவர்கள் போன பிறகு அடுக்களையில் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை எழுந்து வந்தாள். "ஏட்டி, போனக் கொண்டா."

"வேண்டாம் மைனி."

"கடைசியில என்ன நடந்துன்னு எனக்குத் தெரியாண்டாமா? கொண்டா."

ஸ்மைலின் அரிசித் தூசியைத் துடைத்துவிட்டுப் போட்டாள். முதல் வரி நெஞ்சை அறுத்தது. இந்த முறை யாரும் அலறாததால் மிச்சமும் கேட்டது: "...மொதலாளிக்க ஆளுவ காடு முழுக்கத் தேடியாச்சு. பெட்டிய ஒடச்சு பாஸ்போர்ட்ட எடுத்து, பையையும் தூக்கிட்டுல்லா முங்கியிருக்கான், கள்ளன். எனக்க போனையும் இப்ப வாங்கிருவானுவ. வெப்ராளப்படாதீங்க, கவல வேண்டாம்."

டெல்சி இன்னொரு முறை கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, ஆத்துல முங்குறவனுக்குப் பாஸ்போர்ட்டு எதுக்கு?"

கடல் தள்ளி இருக்கும் இரணியல் பக்கம், மலையாள வாடையில், முங்குவது என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவது. கடலோரத்திலும் அது தெரியாததல்ல. ஆனால் முங்குவதே பிழைப்பாக உள்ளவனைப் பற்றிச் சொன்னால் யாருக்கு அது தோன்றும்?

"அந்தக் காலமாடனுக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா? ஓடிட்டான்னு சொல்லப்பிடாதா?" டெல்சி திட்டிக்கொண்டே போனாள். திட்டத் திட்ட உடம்பில் உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமை ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து பெனினின் குரல் ஒரு நிமிடம் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது ஆட்டோவில் வந்து இறங்கினான். பாதி ஆளாய் மெலிந்திருந்தான்.

"பொன்னு எங்கலே?" என்றது தெரு.

"ஆத்துல கெடக்கு."

டெல்சி வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "முங்குனியா?"

"முங்குனேன்."

நான்கு நாளாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வெடித்தது. மணி அடிக்கப் போனவர்களே வந்து தேற்ற வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்து பழைய வலைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "ஏட்டி, பாறையில முங்க..."

டெல்சி கதவில் கையை வைத்து மறித்து நின்றாள்.

"சிப்பி எடுக்கப் போறேன்" என்று திருத்திச் சொன்னான். கையை எடுத்தாள்.