நூற்றுப் பதினாறாம் பக்கத்துப் படம்

நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். இதையெல்லாம் எழுதிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. குனிந்து நாற்றைச் சேற்றில் ஊன்றி, ஓரடி பின்னால் வைத்து, அடுத்ததை ஊன்றுவார்கள். முன்னால் நடந்தால் நட்டதையே மிதிக்க வேண்டிவரும். நடவுக் காலத்தில் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் சின்னப் பிள்ளைக்கும் இது விளங்கிவிடும். சினிமா வரலாறு எழுதுகிற பெரிய மனிதர்களுக்குத்தான் விளங்கவில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இயக்குநர்களைப் பற்றி யார் எழுதினாலும் வாங்கிவிடும் பைத்தியம். "சினிமா பாக்குறதோட நிறுத்துறதில்லை, அதைப் படிக்க வேற செய்யறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சில வருஷங்களுக்கு முன்பு கறுப்பு வெள்ளைக் காலத்து இயக்குநர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வந்தது. வாங்கிவந்து கட்டிலில் போட்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டே புரட்டிய அம்மா, நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் "மாதாவே!" என்று கத்தினாள். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"இது நான்டி!"

வயலில் ஆறு பெண்கள் குனிந்து நடும் படம். மூன்றாவதாக நின்றவள் மட்டும் தலையைக் கொஞ்சம் தூக்கியிருந்தாள். பாதி முகம் தெரிந்தது. பத்தொன்பது வயது அம்மா. அவளுடைய இளவயதுப் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் அந்தக் காலத்தில் யார் படம் எடுத்தார்கள்? கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. அம்மா அந்தப் பாதி முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துத் தொலைத்தேன்.

பின்னோக்கி நகரும் பெண்கள், பின்னோக்கிச் செல்லும் ஒரு சமூகத்தின் குறியீடாம். அந்த நடை இயக்குநரின் மேதைமையில் பிறந்ததாம். எழுத்தறிவில்லாத கிராமத்துப் பெண்களை அப்படி நடக்கப் பழக்குவதற்கே அவருக்கு மூன்று நாள் ஆனதாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழக்கினாராமே! எட்டு வயதிலிருந்து சேற்றில் நின்றவளுக்கு, காரில் வந்து இறங்கியவர் நடவு பழக்கினாராம்.

நடந்தது என்ன என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். படப்பிடிப்புக்கு நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர் வயல் ஒன்றைப் பேசி எடுத்திருந்தார்கள். நடவுக்கு இவர்களையே கூப்பிட்டார்கள். நட்டுக்கொண்டே கேமராவை நோக்கி முன்னால் வரச் சொன்னார் இயக்குநர், அப்போதுதான் முகம் தெரியும் என்று. அம்மா நிமிர்ந்துவிட்டாள்.

"முன்னாடி வந்தா நட்டதை மிதிக்கணுங்க. நாங்க மிதிக்க மாட்டோம்."

"சினிமாதானேம்மா, இது என்ன விளையவா போவுது?" என்றாராம் உதவியாளர் ஒருவர்.

"விளையுங்க" என்றாளாம் அம்மா.

வயல் அவளுடையதில்லை, நாற்றும் அவளுடையதில்லை. ஆனாலும் ஆறு பேரும் வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற, வேறு வழியில்லாமல் அவர்கள் நடுகிறபடியே எடுத்தார்கள். "தலையைத் தூக்கு!" என்று இயக்குநர் கத்தினார், அம்மா மட்டும் தூக்கினாள். அந்தப் பாதி முகம் அப்படி வந்ததுதான். படம் அங்கே ஒரு டூரிங் கொட்டகையில் ஓடியபோது, அந்தக் காட்சி கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது, தன்னைப் பார்க்க முடியவில்லை என்றாள். அந்தப் படச்சுருளும் இப்போது எங்கும் இல்லை. அந்த வயல் மட்டும் அந்த வருஷம் நன்றாக விளைந்ததாம்.

அன்று முதல் புத்தகம் அம்மாவுடையதாகிவிட்டது. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பூக்காரம்மாவிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்வரை ஒருவரையும் படத்தைக் காட்டாமல் விடவில்லை. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. நானாகத்தான் வாசித்துக் காட்டினேன். "அடப்பாவிகளா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை.

புத்தகத்தை எழுதியவர் தஞ்சாவூருக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அதை எதுக்குடி தூக்கிட்டுப் போற? படம் கசங்கிடும்" என்றாள் அம்மா.

"நியாயம் கேக்கப் போறேன்மா."

கூட்டத்தில் எழுந்து நின்று நடவைப் பற்றிச் சொன்னேன். பாதிப் பேர் கை தட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்க வயலைப் பாக்குறீங்க. நான் கலையைப் பாக்குறேன்" என்றார்.

"வயலையும் கொஞ்சம் பாத்துட்டு எழுதியிருக்கலாமே சார்" என்றேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

கூட்டம் முடிந்ததும் அவரே கூப்பிட்டார். "அடுத்த பதிப்புல திருத்திடறேன். தப்பையெல்லாம் குறிச்சு அந்தப் பிரதியைக் குடுங்க" என்றார். நான் ஏற்கெனவே சிவப்பு மையில் குறித்துத்தான் வைத்திருந்தேன். கொடுத்தேன். வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன். புத்தகம் எங்கே என்று கேட்ட அம்மாவிடம், "புதுசு வரும்மா, சரியா எழுதி வரும்" என்றேன். அவள் மாதா படத்துக்குப் பக்கத்துக் காலியிடத்தைத் துணியால் துடைத்து வைத்தாள்.

இரண்டாம் பதிப்பு இந்த வருஷம் வந்தது. முன்னுரையில் 'தஞ்சை வாசகி ஒருவருக்கு' நன்றி. உள்ளே போனால், நடவுக்கு வந்த பெண்கள் சொன்னது புரியாமல் தவறுதலாகப் பின்னால் நகர்ந்துவிட்டார்களாம், அந்தத் தவறையே கலையாக்கினாராம் மேதை. தவறாம்! இதற்கு முதல் பொய்யே தேவலை.

கத்திக்கொண்டிருந்த என் கையிலிருந்து அம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூற்றுப் பதினாறாம் பக்கத்தைப் பிரித்தாள். அங்கே வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இயக்குநர். தலைக்கு மேல் குடை. அம்மா முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

எழுதியவருக்குப் போன் போட்டேன். "அந்தப் படம் மங்கலா இருந்ததும்மா, மாத்திட்டோம்" என்றார். என் பிரதியைக் கேட்டேன். "அச்சகத்துல குடுத்தது, எங்க கெடக்கோ" என்றார். முதல் பதிப்பு அவரிடமே இல்லையாம். பழைய புத்தகக் கடைகளிலும் சொல்லி வைத்தேன். இதுவரை ஒருவரும் கூப்பிடவில்லை. கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டு அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் அம்மா பேசினாள்.

"அவங்க என்னத்தையோ எழுதிட்டுப் போறாங்க. நட்டது நான், எனக்குத் தெரியாதா? எழுதுனதுதான் பொய், படம் நெசமாத்தானே இருந்துச்சு. அதைப் போயி ஏன்டி குடுத்த?"