சிவப்பு, மஞ்சள், சிவப்பு

என்னைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பொறுத்துக்கொண்டதெல்லாம் அந்த மனிதர் எங்கள் ஊர் மீமிசலுக்கு வந்து சேரும்வரைக்கும்தான்.

ஓவியக் கல்லூரி முடித்து, சென்னையில் பெயர் பெற்ற கலைஞர் ஒருவரிடம் நான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். சார் என்றுதான் கூப்பிடுவோம். கடலுக்குப் போவதை அப்பா விட்ட பிறகு சும்மா கிடந்த வலைகளை அவர் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், அறுத்து, அடுக்கி, முடிந்து, ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர் செய்தேன். விரலெல்லாம் வெட்டு. புது மிதவைகள் கோத்து, சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று கோடு தீட்டினேன். சார் தினமும் எட்டிப் பார்த்து, "நல்லா வருதும்மா" என்பார். அவர் செய்த வேலை அவ்வளவுதான்.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று, தன்னிடம் இல்லாத நாடுகளின் இன்றைய கலையை வருடா வருடம் சேர்க்கிறது. செலவு ஒரு கார் கம்பெனியுடையது. என் சுவரும் அங்கே போனது, சாரின் பெயரில். இணையதளத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். வயிறு எரிய போன் செய்தேன். "என் ஸ்டூடியோல செஞ்சா என் வொர்க்தான்மா. உன்னை யாருக்குத் தெரியும்?" என்றார்.

வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஆனால் இணையதளத்தில் என் சுவரின் படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது மனதிலேயே நின்றது. மீமிசல் கரையில் உட்கார்ந்து தன் கையாலேயே செய்தாராம். அந்தக் கோடுகள் அந்திக் கடலின் நிறமாம். கூறுகெட்ட மனுஷன். எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு ஒரு நிற அடையாளம் உண்டு. வலை அறுந்து எங்கே ஒதுங்கினாலும் மிதவையைப் பார்த்து உரியவரிடம் சேர்த்துவிடுவார்கள். நான் பழக்க தோஷத்தில் தீட்டியது எங்கள் வீட்டு அடையாளம்.

அந்தக் கரையைப் பார்க்க வேண்டும் என்று அருங்காட்சியகத்து அம்மா ஒருவர் கிளம்பி வந்தார். கூட்டிவர வேண்டியவர் சார். அவர்கள் பிடித்த வேன் என் சித்தப்பாவுடையது. அவர் சொல்லிவிட்டதால், மீன் ஏல நேரத்துக்கு முன்பே கரையில் போய் நின்றுகொண்டேன்.

என்னைக் கவனிக்காமல், சார் பெருமையாக அந்தச் சுவரின் படத்தை ஒரு படகுக்காரரிடம் நீட்டினார். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"இந்தா நிக்கிற பிள்ளை வீட்டு மிதவையில்ல இது? ஒங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு?"

சார் திரும்பினார். முகம் செத்துவிட்டது. "அது டிசைனுங்க. நான் வரைஞ்சது."

"அடுத்த வீட்டு அடையாளத்தை நீங்க எதுக்குங்க வரையணும்?"

ஏலம் நின்றது. ஆட்கள் கூடிவிட்டார்கள். சார் என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்: "உதவின்னு உன் பேரையும் போடச் சொல்றேம்மா."

"எங்க கரையில ஒரு வழக்கம் சார். அடுத்தவங்க வலை கையில இருந்தா, நாலு பேர் முன்னாடி யாரோடதுன்னு சொல்லித்தான் குடுக்கணும்."

"இந்தப் பொண்ணு செஞ்சது," என்றார், மணலைப் பார்த்து.

"கேக்கலைங்க," என்றார் படகுக்காரர்.

சார் சத்தமாகச் சொன்னார். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை; எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இங்கிலீஷ்ல சொல்லுங்க சார்," என்றேன்.