காலி நாற்காலியில் 463

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் பட்டப்பகலில் நடந்தது இது. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். மிச்சத்தை மில்லியே என்னிடம் சொன்னார்.

மில்லி என்பது நாங்கள் வைத்த பெயர். ஒளிபரப்புக்கு முன்னால் படத்தின் சிக்னலை அளந்து பார்ப்பது அவர் வேலை. அளவுத் திரையில் இரண்டு கர்சர் கோடுகள். ஒன்றைக் கறுப்பின் மேலும் மற்றதை வெள்ளையின் மேலும் நிறுத்தி, நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று பார்ப்பார். ஒரு மில்லிவோல்ட் பிசகினாலும் மனுஷன் விடமாட்டார். கூட்டல் குறி மாதிரி இன்னொன்றும் உண்டு. குமிழைத் திருகி அதைப் படத்தில் எங்கே நிறுத்துகிறோமோ, அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை எண்ணாகக் காட்டும். செய்தி வாசிக்கும் ஒவ்வொருவரின் முகத்துக்கும் ஓர் எண் எடுத்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். விளக்குகளை அதற்குத் தோதாக வைக்க வேண்டும் அல்லவா? அந்தத் தாளில் மூன்றாவது வரி அவருடைய கூடப்பிறந்த தங்கை. 463.

அன்று அவருக்கு ஆறாவது நாளாக இரட்டை ஷிப்ட். கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். மூன்று மணிச் செய்தி தங்கையுடையது. ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். "ஒரு நாளாவது லீவு போடுண்ணா. ஆளே பாதியாயிட்ட" என்று காலையில்தான் திட்டியிருந்தாள்.

மணி 2:41. கேமரா காலி நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தது. உயரமான சாய்மானம், கருநீலத் துணி. எப்போது அளந்தாலும் 90தான் வரும்.

463 என்று காட்டியது.

மில்லி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். குறியை மேசை மூலையில் நிறுத்தியதாகத்தான் நினைவு. இப்போது அது சாய்மானத்தில், சரியாக முகம் வரும் இடத்தில் நின்றது. குமிழைத் திருகி மறுபடி மூலைக்குத் தள்ளினார். கையை எடுத்தார்.

டிக்... டிக்... டிக்...

குமிழ் தானாகத் திரும்பியது. குறி நகர்ந்து நாற்காலிக்கே வந்தது.

ஸ்டூடியோவில் இருந்த லைட்காரரை மைக்கில் கூப்பிட்டு, நாற்காலியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தூக்கமா சார் என்று அவர் சிரித்தார். ஆனாலும் போய்த் தொட்டுப் பார்த்தார்.

"காலிதான் சார். ஆனா... சூடா இருக்கு. யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி."

2:44. எண் 431.

2:46. 380.

தங்கைக்கு ஒரு போன் போடலாமா? மனது அடித்துக்கொண்டது. போன் வாசலோர அலமாரியில் இருந்தது. அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. எழுந்து பத்தடி நடக்க வேண்டும். உடம்பு வணங்கவில்லை. வண்டி ஓட்டும்போது எதற்குக் கூப்பிடுகிறாய் என்று அவள் வேறு கத்துவாள். கருவியில்தான் கோளாறு என்று அவராகவே முடிவு கட்டினார். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

2:49. 212.

டிக்... டிக்...

2:51. 118.

2:52. 90.

அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார். பதிவேட்டில் எழுதினார்: "2:52. சரியாகிவிட்டது." கீழே கையெழுத்தும் போட்டார்.

மூன்றாகியும் தங்கை வரவில்லை. வேறொரு பெண் வாசித்தாள். வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று மில்லி கறுவிக்கொண்டிருந்தார். 3:20க்கு வரவேற்பறையிலிருந்து ஆள் ஓடி வந்தான்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு லாரி. மோதிய நேரம் 2:41 என்று தெருமுனைக் கேமராவில் பதிவாகியிருந்தது. உயிர் போன நேரம் 2:52 என்று ஆம்புலன்ஸ்காரர்கள் குறித்திருந்தார்கள். நடுவே பதினோரு நிமிடம்.

பழுது பார்க்கிறவர் வந்து கருவியை நாள் முழுக்கச் சோதித்தார். ஒரு மில்லிவோல்ட்கூடப் பிசகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து, அவளுடைய கைப்பையைக் கொடுக்க ஆம்புலன்ஸ்காரர் வந்தார். மில்லிக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று மில்லி கேட்டார். அவர் தயங்கினார்.

"அண்ணன் என்னைப் பார்த்துட்டுதான் இருக்காரு, ஏன் எழுந்து வர மாட்டேங்குறாருன்னு கேட்டுட்டே இருந்தாங்க சார்."